காளைக்குப் பழைய வண்டி வாங்கப் போறீங்களா? இழுவையை விடுங்க, நிறுத்தத்தைப் பாருங்க!

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் சாக்கோட்டை, புதுவயல், காரைக்குடி வட்டாரத்தில் மாடு வளர்ப்பவர்களிடம் ஒரு பேச்சு தொடங்கிவிடும். “செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி யானை வருது, எடுத்துரலாமா?”

காரணம் எல்லோருக்கும் தெரியும். தை பிறந்தால் சிராவயல் மஞ்சுவிரட்டு. மாசி மகத்துக்கு அரளிப்பாறை. அதற்கு நடுவிலும் பிறகும் ஊருக்கு ஊர் மாட்டு வண்டிப் பந்தயம், குதிரை வண்டிப் பந்தயம். ஒவ்வொன்றுக்கும் வாடகை வண்டி பிடித்துக் கட்டுப்படியாகவில்லை என்று, சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் தம்பி பணம் அனுப்ப, ஊரில் இருக்கும் அண்ணன் வண்டி பார்க்கக் கிளம்புகிறார்.

அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த வருஷ மாடல்? எவ்வளவு ஓடியிருக்கு? இழுவை எப்படி?

மூன்றும் தேவையான கேள்விகள்தான். ஆனால் மாடு ஏற்றுகிற வண்டிக்கு இவை முதல் கேள்விகள் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

வெளிநாட்டு மாதிரி டிரெய்லர் இழுக்கலாமே?

யூடியூப்பில் பார்த்திருப்பீர்கள். காருக்குப் பின்னால் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு குதிரை. பழைய எஸ்யூவி ஒன்றை வாங்கி, பின்னால் கொக்கி மாட்டினால் போதாதா என்று குதிரை வளர்க்கும் இளைஞர்கள் கேட்பதுண்டு.

அந்த நாடுகளில் ஒவ்வொரு காரும் எத்தனை கிலோ இழுக்கலாம் என்பதை நிறுவனமே எழுதிக் கொடுக்கிறது. டிரெய்லரின் எடை, குதிரையின் எடை, கொக்கியில் இறங்கும் பாரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் கார் வாங்குகிறார்கள். நம் ஊரில் விற்கும் பெரும்பாலான கார்களின் கையேட்டில் அந்த எண்ணைத் தேடினாலும் கிடைக்காது. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும். இழுவை அளவு தெரியாத காரில், பதிவில்லாத டிரெய்லரில், உயிருள்ள பாரத்தை ஏற்றுவது சரியான யோசனை இல்லை. நமக்குச் சரிப்பட்டு வருவது சின்ன சரக்கு வண்டிதான். கேள்வி, எந்த வண்டி, எந்த நிலையில் என்பதுதான்.

மூட்டை நிற்கும், மாடு நகரும்

450 கிலோ நெல் மூட்டையும் 450 கிலோ காளையும் எடையில் ஒன்று. சாலையில் ஒன்றல்ல.

மூட்டை தரையோடு படுத்துக் கிடக்கும். காளை நான்கு காலில் நிற்கும், அதன் பாரம் முழுக்க உயரத்தில் இருக்கும். வளைவில் அது ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியும் அந்தப் பக்கம் சாயும். சடன் பிரேக் போட்டால் ஓட்டுநருக்கு முன்கூட்டியே தெரியும், காளைக்குத் தெரியாது. கால் வழுக்கி ஒருமுறை விழுந்தால், ஓடும் வண்டியில் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. கால் முறிந்த காளை மறுபடி வாடிவாசல் பார்ப்பது அரிது. மூன்று, நான்கு வருடம் பிள்ளைபோல வளர்த்தது அரை நொடியில் போய்விடும்.

வேகத்தின் கணக்கையும் பாருங்கள். 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் மிதித்து நிற்க ஆகும் தூரத்தைப்போல, 60-இல் இரண்டே கால் மடங்கு தூரம் ஆகும். இஞ்சின் எவ்வளவு இழுக்கும் என்பது இந்த இடத்தில் உதவாது. பிரேக், டயர், தரை மூன்றும்தான் உதவும்.

வண்டி எங்கிருந்து வந்தது?

மீட்டரைத் திருத்திவிடலாம். வண்டி முன்பு என்ன வேலை செய்தது என்பதை அப்படி மறைப்பது கஷ்டம்.

அரிசி ஆலைப் பக்கம் மூட்டை ஏற்றிய வண்டியென்றால் பின் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அதிக பாரம் தாங்க, கூடுதலாகப் பட்டை சேர்த்திருக்கலாம். விற்பவர் அதைப் பெருமையாகவே சொல்வார்: “இரண்டு பட்டை எக்ஸ்ட்ரா போட்டிருக்கேன் சார், எவ்வளவு வேணா ஏத்தலாம்.” மாட்டுக்கு அது பெருமையல்ல, தொல்லை. இரண்டு டன்னுக்கு இறுக்கிய ஸ்பிரிங்கில் 450 கிலோ மட்டும் ஏறினால் வண்டி அமுங்கவே அமுங்காது. ஒவ்வொரு குழியும் நேராகக் காளையின் முழங்காலுக்குப் போகும். வாங்கினால் கூடுதல் பட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

தொண்டி, ஜெகதாப்பட்டினம் பக்கம் மீன் ஏற்றிய வண்டியென்றால் அடியில் படுத்துப் பாருங்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சேசிஸின் உள்பக்கம், தரைத் தகடு, பிரேக் குழாய் எல்லாவற்றையும் தின்றிருக்கும். மேலே புது பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். ஒரு சின்ன சுத்தியலால் தட்டினால் போதும். நல்ல இரும்பு கணீரென்று சத்தம் கொடுக்கும். துருப்பிடித்தது மந்தமாக ஒலிக்கும்.

ஏற்கெனவே மாடு ஏற்றிய வண்டி என்றால் நல்லதுதான், ஆனால் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். மாட்டின் சிறுநீரும் தகட்டை அரிக்கும்.

கடைசியாக, காலியாக ஓட்டிப் பார்த்துவிட்டு வராதீர்கள். ஐந்தாறு ஆட்களுக்குச் சமமான எடையை மூட்டையாக ஏற்றி, ஆளில்லாத நேரான சாலையில் 40-இல் பிரேக் மிதியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பிரேக் வேலைக்கு ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் சொல்லும் சதுர அடி

‘மாடு ஏத்த ஒரு சட்டமா?’ என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இருக்கிறது.

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 125இ என்ற விதி, 2016 ஜனவரி 1 முதல் விலங்கு ஏற்றும் வண்டிகளுக்கு நிரந்தரத் தடுப்பு வேண்டும் என்கிறது. மாட்டுக்கு ஒரு தடுப்பு 2 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. குதிரைக்கு 2.25 சதுர மீட்டர். அப்படி மாற்றியமைத்த வண்டிக்கு ஆர்.டி.ஓ. சிறப்பு உரிமம் தர வேண்டும். விலங்கு ஏற்றும் வண்டியில் வேறு சரக்கு ஏற்றவும் அந்த விதி அனுமதிப்பதில்லை.

இதை நம் கணக்குக்கு மாற்றினால், காளைக்கு சுமார் 21.5 சதுர அடி, குதிரைக்கு சுமார் 24 சதுர அடி.

குட்டி யானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸின் தொட்டி சுமார் 7 அடி நீளம், 5 அடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். அதாவது 35 சதுர அடிக்குள். ஒரு காளைக்குத் தாராளம், இரண்டுக்கு இடமில்லை. எடையும் அதையே சொல்கிறது. முக்கால் டன் பாரத்துக்கு வடிவமைத்த வண்டியில் 450 கிலோ காளை இரண்டு ஏறினாலே கணக்கு மீறிவிடும். மரப் பலகை, இரும்புச் சட்டம் எல்லாம் அதற்கு மேல்.

அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற அடுத்த அளவு வண்டியில் தொட்டி சுமார் 8 அடிக்கு 5¼ அடி. இரண்டு காளைக்கு நூல் பிடித்ததுபோல் வரும். குதிரை என்றால் ஒன்றுதான். மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் மாடலுக்கு மாடல் தொட்டி நீளம் மாறும். விற்பவர் சொல்வதை எழுதிக்கொள்ளாமல் நீங்களே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

எனவே தேர்வு எளிது. மஞ்சுவிரட்டுக்கு ஒற்றைக் காளை வைத்திருப்பவருக்கு நல்ல நிலையில் உள்ள ஏஸ் போதும். பந்தயத்துக்கு ஜோடி மாடு ஓட்டுபவர், அதிலும் பெரிய மாடு, நடுமாடு ஓட்டுபவர், ஏஸ் பக்கமே போக வேண்டாம். பந்தய வண்டியையும் அதிலேயே கட்டிக்கொண்டு போகலாம் என்ற கணக்கும் வேண்டாம். அதற்கு வேறு வண்டி பாருங்கள்.

மிச்சப் பணத்தைத் தரையில் போடுங்கள்

1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் பலருக்குத் தெரியாத ஒன்று. சாதாரண சரக்கு வண்டியில் மாடு ஏற்றினால் தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும், தேங்காய் நார் விரிப்போ மரப் பலகையோ. பக்கச் சட்டம் தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். மாட்டைக் கவனிக்க ஒரு ஆள் உடன் வேண்டும். முடிந்தவரை மாட்டின் முகம் இஞ்சின் பக்கம் இருக்க வேண்டும். மாடு பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்று கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும்.

இவை எதுவும் பெரிய செலவு இல்லை. என் கருத்து இதுதான்: கையில் இருக்கும் முழுப் பணத்துக்கும் வண்டி வாங்காதீர்கள். ஒரு பகுதியை ஒதுக்கி, குறுக்குச் சட்டம் அடித்த பலகைத் தரை, தடுப்பு, நெஞ்சு உயரத்துக்குப் பக்கக் கம்பி, அதில் வைக்கோல் திணித்த சாக்கு மெத்தை, அகலமான ஏற்றுப் பலகை ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் புதிய மாடல் தராத பாதுகாப்பை இவை தரும்.

ஒரு விஷயம் காசே இல்லாதது. மூக்கணாங்கயிற்றை வண்டிக் கம்பியில் கட்டாதீர்கள். பிரேக் அடித்தால் மூக்குதான் கிழியும். கழுத்துக் கயிற்றில், தலையைச் சற்று அசைக்கிற அளவு விட்டுக் கட்டுங்கள்.

பேப்பர் சரியா?

ஆர்.சி.யில் கடன் பதிவு இருக்கிறதா, தகுதிச் சான்று எதுவரை, இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, இ-சலான் பாக்கி உண்டா என்பதை எம்-பரிவாகன் செயலியிலும் பரிவாகன் இணையதளத்திலும் பார்த்துவிடலாம். கடன் முடிந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வாங்குபவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்ற 14 நாள். சரக்கு வண்டிக்கு 8 வயது ஆகும்வரை தகுதிச் சான்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும். 9 வயது வண்டி மலிவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உரிமம் பற்றிக் குழப்பம் வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை இலகு ரக வாகன உரிமத்திலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது.

ஆனால் பின்னால் காளையோடு பத்துப் பையன்கள் தொங்கிக்கொண்டு போவதற்கு எந்த உரிமமும் இல்லை. சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்கு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் பணம் வராது. குடும்பம் கோர்ட் படியேறும்போது ‘திருவிழாவுக்குத்தானே போனோம்’ என்ற பதில் எடுபடாது.

‘வருஷத்துக்குப் பத்து நாள் ஓட்டத்துக்கு இவ்வளவா?’

நியாயமான கேள்வி. பத்து நாளுக்குத்தான் வண்டி வேண்டும் என்றால், ஆளுக்கொரு ஓய்ந்துபோன வண்டி வாங்குவதைவிட, ஒரே ஊரில் காளை வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு நல்ல வண்டி வாங்கலாம். ஆர்.சி. ஒருவர் பெயரில்தான் இருக்கும் என்பதால், செலவுப் பங்கு, விபத்துப் பொறுப்பு, விற்றால் பங்கு எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர்களுக்குள் எழுத்தா என்று கூச்சப்பட வேண்டாம். எழுதினால்தான் சொந்தம் நிற்கும். அதுவும் முடியாதவர்களுக்கு, தரையும் தடுப்பும் சரியாக உள்ள வாடகை வண்டியே மேல்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017-இல் தமிழகமே திரண்டு சட்டத் திருத்தம் வந்தது. 2023 மே 18-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எங்கள் மாட்டை நாங்கள் வதைப்பதில்லை என்பதுதான் இத்தனை ஆண்டும் நாம் சொன்ன வாதம். களத்தில் காளைக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. அதே இடத்தில் அது வந்த வண்டியின் தரையையும் தடுப்பையும் ஐந்து நிமிடம் பார்த்தால் என்ன? அபராதம் போட அல்ல, திருத்திக்கொள்ளச் சொல்ல. தைக்கு முன்பு, சாக்கோட்டை போன்ற ஒன்றியங்களில் ஆர்.டி.ஓ.வும் கால்நடைத் துறையும் சேர்ந்து ஒரு நாள் முகாம் போட்டு அந்தச் சிறப்பு உரிமத்தை வழங்கினால், விதி புத்தகத்தில் இருந்து சாலைக்கு வரும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: மார்கழி வரை காத்திருக்காதீர்கள். கடைசி நேரத்தில் வாங்கினால் பாடி வேலைக்கு நாள் இருக்காது, வெறும் தகட்டிலேயே காளையை ஏற்ற வேண்டிவரும். ஐப்பசியிலேயே பாருங்கள். போகும்போது டேப், சின்ன சுத்தியல், டார்ச், கூடவே ஒரு நல்ல மெக்கானிக்.