40 வயசுல சைவத்துக்கு மாறினா, 70-ல மறதி வராதா? மதுரைக்காரங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

கறி தோசை, மட்டன் சுக்கா என்று வளர்ந்த மதுரையிலும், 40 வயதைத் தாண்டியதும் "சுகர், கொழுப்பு இருக்கு, இனிமே சைவம்தான்" என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. அந்த முடிவு முதுமையில் மூளையைக் காப்பாற்றுமா?

மறதி நோய் ஏன் வருது?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக, 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் சுமார் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது லான்செட் ஆணையத்தின் 2024 அறிக்கை. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது ஆகியவை அதில் உண்டு. 'அசைவம்' என்று தனியாக ஒரு காரணி இல்லை.

அதாவது, சைவம் இவற்றைக் குறைத்தால்தான் மூளைக்கு லாபம்.

சைவம்னா எல்லாமே நல்லதா?

காலையில் பொங்கல் வடை, மதியம் தட்டு நிறைய சாதம், சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா, வெஜ் குருமா. இதுவும் சைவம்தான். ஆனால் சர்க்கரையும் எடையும் ஏறும். தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்கிறது ஐசிஎம்ஆர் ஆய்வு.

மூளைக்கு நல்லது என்று பேசப்படும் 'மைண்ட்' உணவுமுறையில் கீரை, பயறு, கொட்டை வகைகள், முழுதானியங்களுடன் மீனும் கோழியும் உண்டு. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், சாதத்தைக் குறைத்து, கீரை, சுண்டல், பேரையூர் பக்கம் விளையும் குதிரைவாலி போன்றவற்றைக் கூட்டுவது.

பி12 ஏன் முக்கியம்?

நரம்புக்குத் தேவையான வைட்டமின் பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இயற்கையாகக் கிடைக்கிறது. கீரை, பருப்பு, பழைய சோற்றை இதற்கு நம்ப முடியாது.

கல்லீரலில் பி12 இருப்பு உள்ளதால், குறைபாடு தெரிய சில ஆண்டுகள் ஆகலாம். பிறகு கால் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம், ஞாபக மறதி வரலாம். சர்க்கரைக்கு மெட்பார்மின் மாத்திரை நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

"வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவதுதான் சிக்கல். பி12 குறைவால் வரும் மறதியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். தாமதித்தால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம்.

என்ன செய்யணும்?

* சைவத்துக்கு மாறினாலும் பால், தயிரை விடாதீர்கள். முட்டை சாப்பிடலாம் என்றால் நல்லது.
* மெட்பார்மின் எடுப்பவர்களும், பல ஆண்டுகளாகச் சைவம் சாப்பிடுபவர்களும் பி12 ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரையா, ஊசியா என்பதை அவர் முடிவு செய்வார்.
* சுகர், பிரஷரைத் தொடர்ந்து பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசம்.
* சைவத்துக்கு மாறிவிட்டோம் என்று சுகர், பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.