கியர் ஒயிலில் மிச்சம் பிடிப்பது இலாபமல்ல

எமது வியாபாரிகள் கடை வாடகை, மின்சாரக் கட்டணம், ஊழியர் சம்பளம், லீசிங் தவணை என்று எல்லாவற்றையும் கணக்குக் கொப்பியில் எழுதுகிறார்கள். லொறிக்கு அடித்த டீசலும் அதில் இருக்கும். ஆனால் அந்த லொறியின் கியர் பொக்ஸுக்குக் கடைசியாக எப்போது ஒயில் மாற்றினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானோர் சாரதியின் முகத்தைப் பார்ப்பார்கள். சாரதி கராஜ் பாஸின் முகத்தைப் பார்ப்பார். எழுதி வைத்தவர் எவருமில்லை.

எஞ்சின் ஒயில் விடயத்தில் நாம் ஓரளவு கவனமாக இருக்கிறோம். கியர் பொக்ஸோ சத்தம் போடும் வரை யாருடைய நினைவுக்கும் வருவதில்லை. சத்தம் கேட்கும்போது உள்ளே பற்சக்கரமும் பெயாரிங்கும் தேய்ந்து முடிந்திருக்கும். பிறகு பஞ்சிகாவத்தைக்கு ஓட வேண்டியதுதான். அங்கே கிடைப்பதும் பெரும்பாலும் பாவித்த கியர் பொக்ஸ். அது எத்தனை கிலோமீற்றர் ஓடியதென்று விற்பவருக்கும் தெரியாது. செலவு அதோடு நிற்பதில்லை. லொறி கராஜில் நிற்கும் நாட்களில் கூலி வாகனம் பிடிக்க வேண்டும், அல்லது வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பழைய வேனின் பெறுமதி என்னவென்று நாம் எல்லோரும் கண்டுகொண்டோம். இருப்பதைப் பேணிக் காப்பவனே தப்பினான். இறக்குமதி திறந்துவிட்டதென்பதற்காக அந்தப் பாடத்தை மறந்துவிடக் கூடாது.

கையால் கியர் மாற்றும் வாகனத்தில் வேலை இலேசானது. தயாரிப்பாளரின் கைநூலில் எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒயில் மாற்ற வேண்டும் என்று இருக்கும். எந்த வகை ஒயில் என்பதும் இருக்கும். ஜீஎல் 4 கேட்கும் கியர் பொக்ஸுக்கு, ஜீஎல் 5 தான் உயர்ந்தது என்று நினைத்து அதை ஊற்றுகிறவர்கள் உண்டு. சில ஜீஎல் 5 ஒயில்களில் உள்ள இரசாயனம், கியர் மாற உதவும் பித்தளை வளையங்களை அரித்துவிடும். இலக்கம் கூடினால் தரம் கூடும் என்பது இங்கே செல்லாது.

ஓட்டோ கியர் வாகனங்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே ஒயில் மசகு மட்டுமல்ல, அதன் அழுத்தத்தில்தான் கியரே மாறுகிறது. பெரும்பாலான ஓட்டோ ஒயில் புதிதில் சிவப்பாக இருக்கும். கறுத்துக் கருகிய வாசம் அடித்தால் தாமதிக்க வேண்டாம். எல்லா ஓட்டோவும் ஒன்றல்ல. விட்ஸ் போன்ற கார்களில் வரும் சீவீரீ கியர் பொக்ஸ் உருக்குப் பட்டியில் இயங்குவது. அதற்குரிய ஒயிலைத் தவிர வேறெதையும் ஊற்றக் கூடாது. பிரியஸ் ஹைபிரிட்டில் அப்படிப் பட்டி கிடையாது, பற்சக்கரங்களே உள்ளன. அதற்கு வேறு ஒயில். ‘எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும்’ என்று ஒரு கேனைக் காட்டுகிறவரிடம் வாகனத்தைக் கொடுக்காதீர்கள்.

சில வாகனங்களுக்கு ஆயுள் முழுவதும் ஒயில் மாற்றத் தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. அது சாதாரண பாவனைக்குச் சொன்னது. பாரம் ஏற்றுதல், மலைப்பாதை, நெரிசலில் நின்று நின்று ஓடுதல் ஆகியவற்றைக் கைநூல்களே கடினமான பாவனை என்கின்றன. புறக்கோட்டையில் சரக்கு ஏற்றி, நெரிசலில் ஊர்ந்து, மாவனல்லை தாண்டிக் கடுகண்ணாவை ஏறும் வாகனத்துக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் நடக்கின்றன.

இறக்கத்தில் டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடும் பழக்கமும் எம்மிடையே இருக்கிறது. இது உயிருக்கே ஆபத்து. பாரம் முழுவதும் பிரேக்கில் விழுந்து அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். மிச்சமும் இல்லை. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி எக்சிலேட்டரை விட்டால் எரிபொருள் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் அது செலவாகிறது. அதேபோல் ஓட்டோ வாகனம் பழுதாகி நின்றால், இயக்கும் சில்லுகள் தரையில் உருள இழுத்துச் செல்ல விடாதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் உள்ளே ஒயிலைச் சுற்றவிடும் பம்பும் ஓடாது.

2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகளில் எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் கியர் பொக்ஸுக்குள் காற்றுத் துவாரத்தினூடாகத் தண்ணீர் போயிருக்கலாம். ஒயில் பால் கலந்தது போல் இருந்தால் ஓட்டிப் பார்க்கவே கூடாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விடயம். கியர் பொக்ஸ் உடைந்தால் சாரதியின் சம்பளத்தில் கழிக்கும் முதலாளிமார் எம்மில் இருக்கிறார்கள். ஒயில் மாற்றப் பணம் கேட்டபோது ‘அடுத்த மாதம் பார்ப்போம்’ என்றவரும் அவரே, அனுமதித்த அளவுக்கு மேல் மூட்டை ஏற்றச் சொன்னவரும் அவரே. வாகனம் சாரதியின் கையில் அமானிதம். அவர் வேண்டுமென்றே பாழாக்கினால் அல்லது கவனயீனமாக நடந்தால்தான் பொறுப்பு அவர் மீது வரும். எமது கஞ்சத்தனத்தின் செலவை ஓர் ஏழையின் வீட்டு அடுப்பிலிருந்து எடுப்பது அநியாயம். அது எமது ஹலாலான வருமானத்தையும் கறைப்படுத்திவிடும்.

இன்னொன்று, வாகனம் விற்கும்போது நடப்பது. சத்தம் போடும் கியர் பொக்ஸில் தடித்த ஒயிலை ஊற்றிச் சத்தத்தை அடக்கி விற்பதைச் சிலர் கெட்டித்தனம் என்கிறார்கள். தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைத்திருந்த ஈரத்தைக் கண்டு அந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை ஜும்ஆக்களில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! தானியத்தின் ஈரத்துக்கும் கியர் பொக்ஸின் சத்தத்துக்கும் என்ன வித்தியாசம்? குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பவருக்கு அன்று சில ஆயிரம் ரூபா குறையலாம். ஆனால் வாங்கியவர் மறுமுறையும் அவரைத் தேடியே வருவார்.

ஆகவே ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கொப்பி போடுங்கள். ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், ஒயிலின் வகை மூன்றையும் எழுதுங்கள். வாகனம் நிறுத்துமிடத்தில் தரையில் ஒயில் சொட்டு தெரிந்தால் உடனே சொல்லும்படி சாரதியிடம் கூறுங்கள், சொன்னால் அவரை ஏசாதீர்கள். இந்தச் செலவைக் கடை வாடகை போல மாதக் கணக்கில் ஒதுக்கிவிடுங்கள். உழைத்துத் தரும் வாகனத்துக்கும் அதை ஓட்டுபவருக்கும் உரியதைக் கொடுத்த பிறகு மிஞ்சுவதே எமது இலாபம். அதில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.