ஒழுகும் மாஸ்க்கும் முருகைக்கல்லும்

கனடாவில் பள்ளிக்கூடங்கள் மூடுகிற காலமும் எங்கள் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கிற காலமும் ஒன்றாக வந்து சேர்வது புலம்பெயர்ந்த குடும்பங்களின் அதிர்ஷ்டம். மார்கழியில் வந்தால் வாடைக்காற்றில் நிலாவெளிக் கடல் கலங்கிப் போயிருக்கும். சுற்றுலாப் படகு பெரும்பாலும் இறங்காது. மே தொடங்கி செப்டெம்பர் வரை கச்சான் வீசும் மாதங்களில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரத்தில் அலை இல்லை, தண்ணீரும் தெளிவு. நல்லூர்த் திருவிழாவுக்கென்று வருகிற சொந்தங்கள் அப்படியே வான் பிடித்துத் திருகோணமலைக்கும் ஒரு நடை போய்வருவது இப்போது வழக்கமாகிவிட்டது.

இந்த முறை ரொறன்ரோவிலிருந்து வரப்போகிற மருமகள் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மாமா, நாங்கள் புறாத்தீவுக்குப் போறம். முருகைக்கல்லுக்குக் கேடு வராத சன்ஸ்கிரீன் எது? இங்கயே வாங்கிக்கொண்டு வாறன்."

பிள்ளை நல்ல பிள்ளை. கேள்வியிலும் பிழையில்லை. ஹவாய் 2018இல் சட்டம் இயற்றி, 2021 ஜனவரியிலிருந்து ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேட் என்ற இரண்டு இரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை நிறுத்தியது. பலாவு அதற்கும் முன்பே, 2020இல் இப்படிப்பட்டவற்றைத் தடை செய்தது. கடலில் கரையும் அந்தச் சிறு அளவு எவ்வளவு கேடு செய்யும் என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் வாதம் உண்டு. அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முழுக்கை நீச்சல் சட்டை ஒன்றும் முழங்காலுக்குக் கீழே வருகிற காற்சட்டை ஒன்றும் போட்டால் பூசவேண்டிய இடம் முகமும் புறங்கையும்தான். நான் அவளுக்கு எழுதிய பதில் வேறு: "சன்ஸ்கிரீன் கிடக்கட்டும். நீங்கள் நாலு பேரும் குப்புறப் படுத்து அசையாமல் மிதக்கிற வீடியோ ஒன்று எடுத்து அனுப்பு."

கிண்டல் என்று நினைத்துச் சிரிப்புப் பொம்மை போட்டாள். நான் கிண்டல் செய்யவில்லை.

புறாத்தீவு நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரத்தில் இருக்கிறது. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என இரண்டு தீவுகள். மலைப்புறாக்கள் அடைவதால் அந்தப் பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்குப் பயன்படுத்தினார்கள். 1963இல் சரணாலயமானது, 2003இல் தேசியப் பூங்காவானது. அதன் சிறப்பும் அதன் சாபமும் ஒன்றுதான்: முருகைக்கற்பாறை கரைக்கு மிகக் கிட்ட, மிக ஆழம் குறைந்த இடத்தில் இருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் முகத்தைத் தாழ்த்தினால் கிளிமீன் பாறையைக் கொறிக்கிற சத்தம் காதில் கேட்கும். அதே இடுப்பளவு தண்ணீரில், வேண்டும்போதெல்லாம் எழுந்து நிற்கவும் முடியும். நிற்பது எதன்மேல் என்பதுதான் சிக்கல்.

முருகைக்கல் கல் அல்ல. கடுகளவும் மிளகளவுமான உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடி, தாங்களே சுண்ணாம்பு சுரந்து கட்டிய வீடு. மேலே மெல்லிய தோல்போல உயிர்ப்படலம், உள்ளே வெறும் சுண்ணாம்பு. மான்கொம்பு மாதிரிக் கிளைக்கிற இனம் ஆண்டுக்குப் பத்து சென்ரிமீற்றரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ வளரும். உருண்டையாகத் திரளும் இனங்கள் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரை ஒட்டித்தான். அதன்மேல் எழுபது கிலோ மனிதர் ஒருவர் ஒரு நிமிடம் நின்றால், பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும்.

அங்கே நிற்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்ல. போன பருவத்தில் கரையில் இருந்து ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறக்குறைய எல்லோரும் எழுந்து நின்றதற்குக் காரணம் ஒன்றே: மாஸ்க்குக்குள் தண்ணீர். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறினால் மனிதனுக்கு வருகிற முதல் எண்ணம் கால் ஊன்றுவது. எங்கள் ஆண்களுக்கு மீசை ஒரு தனிப் பிரச்சினை. மாஸ்க்கின் இறப்பர் விளிம்பு மேலுதட்டில் ஒட்டாமல் மயிரில் ஏறி நிற்க, அந்த வழியாக ஒழுகும். மீசையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் பெரும்பாலும் சரிவரும், எடுத்துவிடச் சம்மதித்தால் அதைவிட நல்லது. பெண்களுக்கு நெற்றி மயிர். பிள்ளைகளுக்கோ பெரியவர்களின் அளவு மாஸ்க்கை மாட்டி, பட்டையை இறுக்கு இறுக்கென்று இறுக்கிவிடுகிறோம். இறுக்கினால் இன்னும் ஒழுகும். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை விட்டாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்கான மாஸ்க். கண்ணாடியின் உட்பக்கம் துப்பிக் கழுவினால் புகார் படியாது. அருவருப்பாக இருக்கும், ஆனால் சுழியோடிகள் எல்லோரும் செய்வது அதுதான்.

ஆகவே திட்டமிடல் என்று நான் சொல்வது இதைத்தான். ரொறன்ரோவில் நீச்சல் குளத்துக்குக் குறைவில்லை. மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் அங்கேயே வாங்கி, குளத்தில் குப்புறப் படுத்து, வாயால் மூச்சுவிட்டு, மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு மூக்கால் ஊதி வெளியேற்றப் பழகவேண்டும். நிலாவெளிக்கு வந்த முதல் நாள் ஹொட்டேலுக்கு முன்னால் உள்ள மணல் கடலில் இன்னொரு முறை. அதன் பிறகுதான் தீவு. உயிர்காப்பு அங்கி போட்டால் போதும் என்று படகுக்காரர் சொல்வார். உயிருக்கு அது போதும், கட்டாயம் போடவும் வேண்டும். ஆனால் பதற்றத்தில் இருக்கிறவரை அந்த அங்கி செங்குத்தாகத் தூக்கி நிறுத்தும். கால் இரண்டும் கீழே தொங்கி, துடுப்பு மாட்டியிருந்தால் முருகைக்கல்லை விளாசிக்கொண்டே போகும். பழகியவர் அதே அங்கியுடன் பலகைமாதிரிப் படுத்துக்கிடப்பார்.

நாள் தெரிவு சுலபம். போயாவும் வார இறுதியும் வேண்டாம், கிழமை நாளில் காலை முதல் படகில் போகவேண்டும். சுறாக்கள் அப்போதுதான் ஆழம் குறைந்த பக்கம் நிம்மதியாகத் திரியும். கருநுனிச் சுறா, கூச்ச சுபாவம். கமெராவை நீட்டிக்கொண்டு துரத்தினால் ஓடிவிடும். சும்மா மிதந்தால் தானாகவே அந்த வழியால் வரும். படகுக்காரர் மீனுக்குப் பாண் போடலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாசியை மேய்ந்து பாறையைச் சுத்தமாக வைத்திருக்கவேண்டிய மீன்கள் பாணுக்குக் கூடத் தொடங்கினால் அந்த வேலையை யார் செய்வது? கரையில் குவிந்துகிடக்கும் உடைந்த முருகைத் துண்டுகளையும் எடுக்கக்கூடாது. தேசியப் பூங்காவில் செத்த துண்டும் பூங்காவின் சொத்து.

மருமகன் ஒருவனுக்கு ஆசை பெரிது. சிலிண்டர் மாட்டிச் சுழியோடவேண்டுமாம், அதுவும் ஹேர்மிஸைப் பார்க்கவேண்டுமாம். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் அது. ஐம்பது மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான எல்லையே நாற்பது மீற்றர்தான், முதல் நிலைச் சான்றிதழுக்குப் பதினெட்டு. அவன் இன்னும் அந்த முதல் நிலையையும் எடுக்கவில்லை. அவனுக்குக் கோணேசர் கோயிலடி போதும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் தூண்களை, சுவாமி மலைக்குக் கீழே கடலடியில் 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பார்த்தார்கள். கிளார்க் விண்வெளிக் கதைகளால் பெயர்பெற்றவர் என்றாலும் இலங்கைக்கு வந்தது கடலுக்காக. படிப்பை ஒழுங்காக முடித்து, மிதப்பைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வரட்டும்.

இவனுடைய பயண அட்டவணையில்தான் பெரிய ஓட்டை. திருகோணமலையில் காலையில் சுழியோடி, அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் என்று போட்டிருந்தான். அடுத்தடுத்துச் சுழியோடியவர்கள் குறைந்தது பதினெட்டு மணித்தியாலம் கழித்தே பறக்கவேண்டும். இல்லாவிட்டால் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகக் கிளம்பும். சரி, விமானத்தை ஒரு நாள் தள்ளுகிறேன், இடையில் நுவரெலியாவுக்குப் போகிறோம் என்றான். அதுவும் அதே கதைதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே வானில் ஏறிப்போனாலும் உடம்புக்கு அது விமானத்துக்குச் சமம். மலைநாட்டை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்கச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவும் எழுதியபின் மருமகள் ஒரு கேள்வி கேட்டாள். ரொறன்ரோவிலிருந்து விமானத்தில் வந்து, அந்தப் புகையால் கடலைச் சூடாக்கிவிட்டு, கால் ஊன்றாமல் மிதப்பதில் என்ன அர்த்தம் என்று. கூர்மையான கேள்வி. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் முருகைக்கற்கள் வெளுத்துப் பெருமளவில் செத்தன. திருகோணமலை அப்போது தப்பியது. 2024 ஏப்ரலில், உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அறிவித்தார்கள். எவரும் கால் ஊன்றாமலிருப்பதால் அந்தச் சூடு தணியப்போவதில்லை. ஆனால் வெளுத்த பாறை மீண்டு வருவதானால் உடையாமல் மிஞ்சியிருக்கும் கிளைகளிலிருந்துதான் வரவேண்டும். அம்மம்மாவைப் பார்க்க எப்படியும் வரப்போகிறாள், அந்த விமானத்தை நான் நிறுத்தச் சொல்லமாட்டேன். தீவில் எங்கே கால் வைப்பது என்பது மட்டும் முழுக்க அவள் கையில்.

வீடியோ வந்துவிட்டது. அவளும் மூத்த பிள்ளையும் தேறிவிட்டார்கள். கணவர் இரண்டாவது செக்கனில் எழுந்து நின்றுவிட்டார், மீசையுடன். ஓகஸ்டுக்குள் பழகாவிட்டால் அவரும் அம்மம்மாவும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாம். ஏழு கிணறு இருக்கிறது, அங்கே நின்றபடியே குளிக்கலாம்.