கடைக் கம்ப்யூட்டருக்கும் கூரை மாற்ற வேண்டும்!

ஓலைக் கூரை போட்டவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே நைந்த ஓலையைப் பிரித்துப் புது ஓலை வேய்ந்துவிடுவார்கள். "போன வருஷம் ஒழுகவில்லையே, இப்போது எதற்கு?" என்று யாரும் கேட்பது இல்லை. மழை சொல்லிக்கொண்டா வரும்?

ஆனால், கடையில் இருக்கும் கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பல முதலாளிகள் அப்படித்தான் கேட்கிறார்கள். "பில் வருகிறது. கணக்கு சரியாக இருக்கிறது. எதற்கு வீண் செலவு?" என்கிறார்கள். இது தவறு.

சாயல்குடி பெரிய நகரம் அல்ல. ராமநாதபுரத்தில் இருந்து தூத்துக்குடி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பேரூர். சுற்றிலும் பனங்காடு. கருப்பட்டியும், மிளகாய் வற்றலும், கரியும் இந்த வட்டாரத்தின் சரக்குகள். இத்தகைய ஊர்களிலும் பத்து, இருபது பேர் வேலை பார்க்கும் மண்டிகளில் கணக்கு நோட்டின் இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சரக்கு இருப்பு, கடன் பாக்கி, சம்பளம், வரி எல்லாம் அதற்குள்தான்.

அப்டேட் என்றால் என்ன?

கம்ப்யூட்டரை நடத்தும் புரோகிராம் மனிதர் எழுதியது. அதில் ஓட்டை இருக்கும். ஓட்டை தெரிந்ததும், தயாரித்த கம்பெனி அதை அடைக்க வழி செய்து அனுப்புகிறது. அதற்குப் பெயர்தான் 'அப்டேட்'. அது வெளியானதும் ஓட்டை எங்கே என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. போடாதவர் வீட்டுக் கதவு திறந்தே கிடக்கிறது.

2017-ஆம் ஆண்டு நடந்ததைப் பாருங்கள். விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் கம்பெனி மார்ச் 14-ந் தேதி அடைப்பு கொடுத்தது. பலர் போடவில்லை. மே 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற வைரஸ் அந்த வழியாகவே புகுந்தது. கோப்புகளைப் பூட்டி, "பணம் கொடு, திறக்கிறேன்" என்று மிரட்டியது. சுமார் 150 நாடுகளில் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் முடங்கின. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகள் தவித்தன. ஆந்திராவில் போலீஸ் துறை கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. இரண்டு மாத அலட்சியத்துக்குக் கிடைத்த தண்டனை!

வரியும் மாறுகிறது

திருடன் மட்டும் அல்ல, சட்டமும் காத்திருப்பது இல்லை. 2023 ஆகஸ்டு 1 முதல், ஆண்டுக்கு ரூ.5 கோடிக்கு மேல் விற்பவர்கள் மற்ற வியாபாரிகளுக்கு 'இ-இன்வாய்ஸ்' போட வேண்டும் என்று விதி வந்தது. பழைய புரோகிராமுக்கு அந்த வேலை தெரியாது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. சிமெண்டு வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. பற்பசை, தலை எண்ணெய் வரி 18-ல் இருந்து 5 ஆனது. கம்ப்யூட்டரில் பழைய விகிதமே இருந்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். வரி இலாகா நோட்டீசு அனுப்பும்.

பயமும் நியாயமே

"மாற்றப் போய் இருந்த கணக்கும் அழிந்துவிட்டால்?" என்ற பயம் வீண் பயம் அல்ல. 2017 ஜூனில் உக்ரைன் நாட்டு வரிக்கணக்குப் புரோகிராம் ஒன்றின் அப்டேட்டிலேயே வைரசை ஒளித்து வைத்துவிட்டார்கள். அது பரவி, மும்பை ஜவகர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு சரக்குத் தளத்திலும் வேலை நின்றது.

அதற்காக அப்டேட்டே வேண்டாம் என்பது, சோறு விக்கும் என்று பட்டினி கிடப்பது போல. முன்ஜாக்கிரதைதான் வேண்டும். முதலில் கணக்கு முழுவதையும் நகல் எடுத்து, கம்ப்யூட்டரோடு இணைக்காமல் தனியே பூட்டி வையுங்கள். விடுமுறை நாளில், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் அப்டேட் போட்டுப் பாருங்கள். சரியாக ஓடினால் மற்றவற்றுக்கும் போடுங்கள். திருட்டு புரோகிராம் வேண்டாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்கு அழிந்தால் முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? பனையேறி கொண்டுவந்து போட்ட கருப்பட்டிக்கு எவ்வளவு பாக்கி என்பதும் அதில்தான் இருக்கிறது. மூட்டை தூக்கியவரின் கூலியும் அதில்தான் இருக்கிறது. சரக்கு வாங்கும்போது அப்டேட்டுக்கும் ஒரு பங்கு பணம் ஒதுக்குங்கள். அது செலவு அல்ல. நாணயமாகத் தொழில் நடத்துவதற்கான முதல்.