செய்தியாளரின் கடன்

நம் கல்லூரி மாணவருட் சிலர், படிப்பு முடிந்தபின் தொலைக்காட்சிச் செய்தியாளராதல் வேண்டும் என்று விரும்புகின்றனர். விருப்பம் நன்றே. ஆயினும், தம்மை ஈர்ப்பது ஒலிவாங்கியைப் பிடித்து நிற்கும் பெருமையா, அன்றி அதன்முன் வந்து பேசும் எளியோர்பாற் கொண்ட அன்பா என்பதை அவர்கள் தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும். அதற்குத் துணையாக ஒரு தமிழரின் வாழ்க்கையை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஜார்ஜ் அழகையா 1955-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் தேதி கொழும்பு நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் பொறியியல் வல்லுநர். 1956-இல் சிங்களமே ஆட்சிமொழி என்னும் சட்டம் நிறைவேறியது. 1958-இல் கலகம் மூண்டது. தமிழர் வாழ்வு நிலைகுலைந்து வந்த அந்நாளில், 1961-இல் அக்குடும்பம் ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாட்டிற் குடியேறிற்று. பின்னர் அழகையா கல்வியின் பொருட்டு இங்கிலாந்து சென்று, போர்ட்ஸ்மத் நகரத்துப் பள்ளியிலும் டர்ஹாம் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். பல்கலைக்கழகத்தில் மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியராகவும் இருந்தார். கல்லூரி மலருக்கு எழுதுவதை வீண்வேலை என்று எண்ணும் நண்பர்கள் இதனைக் கருதுவாராக.

1982 முதல் 'ஸௌத்' என்னும் பத்திரிகையில் உழைத்த அவர், 1989-இல் பி. பி. ஸி. நிறுவனத்திற் சேர்ந்தார். ஸோமாலியாவின் பஞ்சத்தையும், 1994-இல் ருவாண்டாவில் நிகழ்ந்த இனப்படுகொலையையும், லைபீரியா, ஸியரா லியோன் நாடுகளின் உள்நாட்டுப் போர்களையும் நேரிற் கண்டு உலகிற்கு அறிவித்தார். பின்னாளில் மாலை ஆறு மணிச் செய்தியை வழங்கி, பிரிட்டனில் இல்லந்தோறும் அறிமுகமானார்.

இவ்வளவும் புகழ்ச் சரித்திரமே. நம் உள்ளத்தைத் தொட்டது பிறிதொன்று. ஸோமாலியாவிற் பஞ்சமுற்ற சிற்றூர் ஒன்றிற்கு அவர் சென்றிருந்தபோது, நலிந்த மனிதன் ஒருவன் அவரை நோக்கி முறுவலித்தான். அம்முறுவலின் பொருள் அவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் வாயிலாக வினவியபோது, அது மகிழ்ச்சியன்று, நாணம் என்று தெரிந்தது. தன் வறுமைக் கோலத்தைப் பிறர் காண நேர்ந்ததே என்று அவன் நாணினான்! படம் பிடிக்க வந்தவர் அக்கணத்தில் தாமே நாணினார். அம்மனிதனின் பெயரை அவர் அறியவேயில்லை. ஆயினும் அவன்பாற் பட்ட கடனை மறவாது, 2001-இல் வெளிவந்த 'எ பாஸேஜ் டு ஆப்பிரிக்கா' என்னும் நூலில் அந்நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்.

செய்திக்கு இடம் கொஞ்சம், காலமும் கொஞ்சம். இரண்டு நிமிடத்தில் ஒரு பஞ்சத்தைக் காட்டலாம்; ஒரு மனிதனின் நாணத்தைக் காட்டுதல் அரிது. ஆதலின் அழகையா நூல்கள் எழுதலானார். 2019-இல் 'தி பர்னிங் லேண்ட்' என்னும் நாவலையும் வெளியிட்டார். தென்னாப்பிரிக்காவைக் களமாகக் கொண்டு, நிலம் யாருக்குரியது என்னும் வழக்கையும், ஆள்வோரின் ஊழலையும், எளியோரின் கொதிப்பையும் அது கூறுகின்றது. 2014-இற் புற்றுநோய் கண்டபின்னர், சிகிச்சையும் பணியும் மாறிமாறி நடந்த ஆண்டுகளில் வெளிவந்த நூல் அது. 2023 ஜூலை 24-ஆம் தேதி, தமது 67-ஆம் வயதில் அவர் காலமானார்.

'செய்தியாளன் நாவல் எழுதலாமோ? உண்மையிற் கற்பனை கலந்துவிடாதோ?' என்று சிலர் ஐயுறலாம். செய்தியிற் கற்பனை புகுதல் பெருங்குற்றமே. அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆயின், இரண்டிற்கும் வெவ்வேறு பாத்திரங்கள் இருக்குமாயின் கலப்பு நேர்வதெங்ஙனம்? நம் கல்கி, பத்திரிகையாளராகவே வாழ்ந்து 'அலை ஓசை'யையும் எழுதவில்லையா?

நிற்க. இவையெல்லாம் தொலைதூரத்துச் செய்திகள் என்று தள்ளற்க. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பித் திறக்கப்பட்டு, அடையாற்றிற் பெருவெள்ளம் பாய்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஆவடி, அம்பத்தூர்ப் பகுதிகள் நீரில் மிதந்தன. அவ்வமயங்களில் தொலைக்காட்சி வண்டிகள் வந்தன. இடுப்பளவு நீரில் நின்ற மக்களிடம் ஒலிவாங்கிகள் நீட்டப்பட்டன. நீர் வடிந்தது, வண்டிகளும் சென்றன. அதன்பின் நனைந்த சான்றிதழ்களைக் கொடியில் உலர்த்திய தாயையும், தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுதாகி நின்ற பட்டறைக்காரரையும், அவரிடம் கூலிக்கு வந்த வெளிமாநிலத்துத் தொழிலாளியையும் யார் எழுதினர்? பூவிருந்தவல்லிச் சாலையில் நாள்தோறும் பேருந்தேறும் நம் மாணவர்க்கு இவர்கள் அயலார் அல்லர், அண்டை வீட்டார்.

ஆதலின் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. தொலைக்காட்சியிற் பணிபுரியுங்கள், செய்தியைப் பிழையின்றிச் சொல்லுங்கள். ஆனால் எவருடைய துயரத்தைப் படம் பிடிக்கின்றீர்களோ, அவருடைய பெயரை முதலிற் கேளுங்கள். வண்டி சென்றபின் மீண்டும் ஒருமுறை அத்தெருவிற்குச் செல்லுங்கள். அன்று நீங்கள் காண்பது செய்தியாகாமற் போகலாம், நாவலாகலாம். நாவலாகாவிடினும், உங்கள் கடனில் ஒரு பகுதியேனும் தீர்ந்ததாகும்.