வரிவடிவ ஆய்வும் வடிவமைப்பு மாணவர் திட்டப்பணிகளும்

2010 ஜூலை 15 அன்று நடுவண் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர் த. உதயகுமார் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர் அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்றவர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் காட்சித் தொடர்பியல் மாணவராக இருந்தபோது 'பராசக்தி' என்னும் தமிழ் எழுத்துருவை ஆக்கியவர். தம் முனைவர் பட்ட ஆய்வையும் தமிழ் எழுத்துருவியலிலேயே அமைத்துக்கொண்டவர். இவை அத்துணை அறியப்படவில்லை. தமிழ் வரிவடிவம் பற்றிய ஆய்வொன்று வடிவமைப்புப் பள்ளியில் நிகழ்ந்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சென்னைத் தென்புறநகரில் இந்நிலை கண்கூடு. 1937 முதல் தாம்பரத்தில் இயங்கிவரும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் தமிழ் பயிலும் மாணவர் உளர். வண்டலூரைக் கடந்து கேளம்பாக்கம் நோக்கிச் செல்லும் சாலையில், மேலக்கோட்டையூரில், தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு, உற்பத்தி ஆகியவற்றுக்கென நிறுவப்பட்ட நடுவண் அரசுக் கல்விநிறுவனம் உளது. வணிகக் குறி, தொடுதிரை வழிகாட்டி, செயலி ஆகியன இன்றைய வடிவமைப்புக் கல்வியின் அன்றாடப் பயிற்சிகள். இவற்றுள் தமிழ் இடம்பெறும்போதெல்லாம் உரோமன் எழுத்துக்கு வரைந்த கட்டத்திற்குள் தமிழைத் திணிக்கும் போக்கே மிகுதி. பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடு தமிழுக்கு இல்லை. 'ஞ', 'ணை' போல்வன வேண்டும் அகலமும் வேறு.

கொம்பின் நிலை இன்னும் நுட்பமானது. 'கெ' என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே நிற்பினும், ஒருங்குறி வரிசையில் ககரத்தை அடுத்தே வருகிறது. இந்திய எழுத்துகளுக்குரிய அமைப்பைத் தேர்ந்துகொள்ளாத வரைகலை மென்பொருளில் கொம்பு பின்னே சென்று விழும். தமிழறியாத வடிவமைப்பாளர் அதை அவ்வாறே அச்சுக்கு அனுப்பிவிடுவார். தெருப்பலகைகளில் இப்பிழை காணாதார் அரியர்.

கடைப் பெயர்ப்பலகையில் தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியன 5:3:2 என்னும் அளவில் அமைய வேண்டும் என்பது தமிழக அரசின் விதி. அது பரப்பை அளக்கிறது. வடிவத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. 2025 மார்ச்சில் தமிழக வரவு செலவுத் திட்ட இலச்சினையில் 'ரூ' இடம்பெற்றபோதும் விவாதம் பெரிதும் அரசியலைச் சுற்றியே நிகழ்ந்தது.

இது கணினியார் வேலை, தமிழ்த்துறைக்கு உரியதன்று என்பார் உளர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. மெய்க்கும் எகர ஒகரங்களுக்கும் புள்ளி வகுத்த நூன்மரபு வரிவடிவத்தையே பேசுகிறது. எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை வரிவடிவில் தெளிவாக்கிய வீரமாமுனிவர் இலக்கணமும் அகராதியும் செய்தவர். 1978இல் 'ணை', 'லை' முதலியவற்றின் வடிவம் மாறியதைத் தமிழாசிரியர்களே வகுப்பறைக்குக் கொண்டுசென்றனர். எழுத்ததிகாரம் கற்பிப்போர், அண்டை வளாகத்து மாணவர் வரையும் எழுத்தைக் காணாதிருப்பது மரபன்று. அத்தகைய திட்டப்பணி ஒன்றைத் தமிழ்த்துறையும் உடனிருந்து நெறிப்படுத்தி மதிப்பிடுவதற்குத் தனி நிதி வேண்டுவதில்லை. இரு துறைத் தலைவர்களின் இசைவு போதும்.