தண்ணியில சார்ஜ் ஏறாதுங்க

"படகு மேல ஒரு சோலார் தகடு மாட்டிக்குங்க, அப்புறம் சார்ஜுக்குக் கரைக்கு வர வேலையே இல்ல." ஏரியில மீன் குத்தகை எடுத்தவங்ககிட்டயும், பட்டணத்துல இருந்து வந்து பண்ணை வாங்கிக் குளம் வெட்டினவங்ககிட்டயும் இப்படிச் சொல்லித்தான் பேட்டரி மோட்டார் விக்கிறாங்க. நம்பி வாங்குறவங்க பெரும்பாலும் நல்லாப் படிச்சவங்க. ஆனா இதைப் பொய்னு சொல்லப் பெரிய படிப்பு வேணாங்க, பெருக்கல் வகுத்தல் தெரிஞ்சாப் போதும்.

சின்னப் படகுக்கு மாட்டுற 12 வோல்ட் மோட்டார் முழு வேகத்துல 30 ஆம்பியர் இழுக்குதுன்னு வைங்க. அது 360 வாட். 100 ஏஎச் பேட்டரியில மொத்த இருப்பு 1,200 வாட்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழ அடிக்கடி இறக்கினா அது சீக்கிரம் செத்துடும். ஆக, உங்க கைக்கு வர்றது 600தான். ஒன்றே முக்கால் மணி நேர ஓட்டம்கூட இல்ல. அந்த 100 ஏஎச்சும் 20 மணி நேரம் மெதுவா, 5 ஆம்பியரா உறிஞ்சினா வர்ற கணக்கு. 30 ஆம்பியரா உறிஞ்சினா இன்னும் குறையும்.

இப்ப வரவைப் பாருங்க. 50 வாட் தகடு, நம்ம ஊர் நல்ல வெயில்ல, ஒரு நாளைக்கு 200 வாட்-மணி குடுத்தாலே பெரிசு. நாள் பூரா காய்ஞ்சு கிடைக்கிறது அரை மணி நேர ஓட்டம்! செலவழிச்ச 600-ஐ மீட்க மூணு நாளாகும். படகுல தகடு சாய்மானம் இல்லாம மட்டமாக் கிடக்கும். அது மேல ஆள் நிழல் விழும், கொக்கு எச்சம் போடும். அதையும் கழிச்சுக்கணும்.

"கேரளாவுல சோலார் படகு ஓடுதே?"ன்னு கேப்பீங்க. ஓடுது. வைக்கம் பக்கம் 2017-ல விட்ட 'ஆதித்யா' 75 பேரை ஏத்திட்டுப் போகுது. அதோட கூரையில 20 கிலோவாட் தகடு இருக்கு, நம்ம 50 வாட்டைப் போல 400 மடங்கு. அத்தனை இருந்தும் அதுக்குக் கரையில கரண்ட்ல சொருகி ஏத்துற வசதி வெச்சிருக்காங்க. அதைக் காட்டி உங்களுக்கு ஒத்தைத் தகடு விக்கிறது வியாபாரம் இல்ல, ஏமாத்து.

இன்னொரு கூட்டம், படகு போற வேகத்துலயே டைனமோ சுத்தி பேட்டரி ஏறும்னு வீடியோ போடுது. அந்த டைனமோவைச் சுத்துற பலமே உங்க பேட்டரியில இருந்துதானே போகுது? தன் குடுமியைப் பிடிச்சுத் தன்னையே தூக்குற வேலை அது.

அப்ப வழி என்ன? தண்ணியில இருக்கிறப்ப பேட்டரியை நிரப்ப முடியாது, மிச்சம்தான் பிடிக்க முடியும். வேகத்தை அஞ்சுல ஒரு பங்கு குறைச்சாலே படகைத் தள்ளத் தேவையான சக்தி ஏறக்குறைய பாதியாகும். ஒரு வோல்ட் மீட்டர் மாட்டுங்க. மோட்டாரை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்து 12.2-க்கு வந்திருந்தா பாதி தீர்ந்துச்சுன்னு அர்த்தம், திரும்பிடுங்க. டிராக்டர் பேட்டரியைத் தூக்கி வைக்காதீங்க. அது வண்டியைக் கிளப்புறதுக்குச் செஞ்சது, மணிக்கணக்கா ஓட்ட இல்ல. கரைக்கு வந்த அன்னிக்கு ராத்திரியே காத்தோட்டமான இடத்துல சார்ஜ் போடுங்க. குறை சார்ஜோட கிடந்தா தட்டுல சல்பேட் படிஞ்சு, அடுத்த வருஷம் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

சோலார் வேண்டாம்னு நான் சொல்லல. கரையில கொட்டகைக் கூரை மேல பெரிய தகடா, சாய்ச்சு, கண்ட்ரோலரோட போடுங்க. ரெண்டு பேட்டரி வெச்சு மாத்தி மாத்தி ஓட்டுங்க. படகு மேல இருக்கிற சின்னத் தகடு, சும்மா நிக்கிற படகோட பேட்டரி இறங்காமப் பார்த்துக்கும். அவ்வளவுதான் அதோட தகுதி.

எனக்குக் கோவம் காசுக்காக இல்லீங்க. மோட்டாரை வித்தவர் கடையில இருப்பார், வாங்கினவர் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஊருக்குக் கிளம்பிடுவார். திங்கக்கிழமை தீவனம் போட நடு ஏரிக்குப் போறது கூலிக்கு வர்ற ஆள். காத்து திரும்பின நேரத்துல பேட்டரி படுத்தா மாட்டுறது அவர்தான்.

அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "நாளைக்கு எத்தனை வாட்-மணி உள்ள வரும், எத்தனை வெளிய போகும்?" பதில் சொல்லாம வீடியோ காட்டினா எந்திரிச்சு வந்துடுங்க. எந்த மோட்டார் வாங்கினாலும் படகுல ஒரு துடுப்பும், ஆளுக்கொரு மிதவைச் சட்டையும் கட்டாயம் கிடக்கட்டும்.